பற்றைக்காட்டில் இருக்கும் முதல்: வன்னியில் காணி மரத்தையும் காபனையும் பேணத் தொடங்குவோருக்கு

வன்னியில் இன்று தனியார் கையில் இருக்கும் மரக்காணிகளிற் பல, யாரும் நட்டு உண்டாக்கியவை அல்ல. போரில் விட்டுப் போன தோட்டங்களும் மேட்டுக்காணிகளும், உடையவர்கள் திரும்பி வரும்வரையிலும், வந்த பின்னரும் பங்காளர் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பதால் திருத்த ஆளில்லாமலும், பற்றை பிடித்து, அந்தப் பற்றைக்குள்ளிருந்து முதிரையும் வேம்பும் வீரையும் தலைநீட்டி, இப்போது பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆன இளங்காடுகளாக நிற்கின்றன. அத்தகைய காணியைப் பொறுப்பெடுப்பவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, டோசர் விட்டுத் துப்புரவாக்கித் தேக்கு நடுங்கள் என்பதாகவே இருக்கும். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. தானாக முளைத்து நிற்பது ஏற்கெனவே கையிலுள்ள முதல், அதாவது மூலதனம். அதை அழித்துவிட்டுப் புதிதாக முதல் போடுபவர் மரத்திலும் இழக்கிறார், மரம் காற்றிலிருந்து எடுத்துத் தேக்கி வைக்கும் காபனின் கணக்கிலும் இழக்கிறார். ஏன் என்பது அளவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் விளங்கும்.

முதலில் காணி யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மரம் முப்பது, நாற்பது ஆண்டுப் பயிர். அவ்வளவு காலம் நிலைக்கும் உரிமை கையில் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்கக் கூடாது. உறுதிக் காணியென்றால் உறுதியும் நில அளவைப் படமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பங்கு பிரிக்கப்படாத முதுசக் காணியென்றால், நிற்கும் மரத்திலும் எல்லாப் பங்காளருக்கும் பங்குண்டு. ஆகவே கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரரிடமிருந்து அற்றோணித் தத்துவம் பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது குறைந்தபட்சம் எழுத்தில் உடன்பாடு வாங்கிக்கொள்ளுங்கள். "அண்ணை ஒன்றும் சொல்லமாட்டார்" என்ற நம்பிக்கையில் வெட்டப்பட்ட மரங்களாற் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் ஒப்புதல் இல்லாமல் குத்தகைக்கோ வேறு நீண்டகால உடன்படிக்கைக்கோ உட்படுத்த முடியாது என்பதை, காபன் ஒப்பந்தம் (மரம் தேக்கும் காபனைக் காபன் வரவாக விற்கும் உடன்படிக்கை) பற்றிப் பேச வருபவர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

வன இலாகாவின் எல்லைக்கல் உங்கள் காணிக்குள் நடப்பட்டிருந்தால், அது தீரும்வரை ஒரு கொப்பையும் வெட்டாதீர்கள். 2001 ஆம் ஆண்டின் 5/2001 ஆம் இலக்கச் சுற்றறிக்கை "ஏனைய அரச காடுகள்" எனப்பட்டவற்றை வன இலாகாவின் பொறுப்பில் வைத்தது. 2020 இல் அது நீக்கப்பட்டது. ஆனாலும் தரையில் நடப்பட்ட கற்கள் தாமாக எழுந்து போவதில்லை. இடம்பெயர்வதற்கு முன் அங்கே பயிர் செய்ததைக் காட்டக்கூடிய பழைய வரிச்சீட்டு, கமநல சேவை நிலையப் பதிவு, கிணற்றுக் கட்டு, வீட்டு அத்திவாரம் ஆகியவற்றை நிழற்படத்துடன் தொகுத்து, விதானையார் மூலம் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோவதே வழி.

வெடிபொருள் ஆபத்து

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் எதற்காகவும் இதைத் தவிர்க்க வேண்டாம். போருக்குப் பின் உழப்படாத, குழி தோண்டப்படாத காணியில், கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிக்குள் அது அடங்குகிறதா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் இறங்கக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, விதானையாருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். போருக்கு முன்பே நின்ற பெரிய மரங்களுக்குள் செல் சன்னங்கள் புதைந்திருக்கக்கூடும். பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியே தெரியாது. இரும்பு பட்டு வாள் அலகு முறிந்தால் மர ஆலைக்காரர் அந்தக் குத்தியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அத்தகைய மரத்தை வெட்டாமல், விதை மரமாகவும் காபன் கணக்கிலும் நிற்கவிடுவதே இலாபம்.

அளவு: ஒரு நூல், ஒரு கயிறு, ஒரு கொப்பி

புதியவர் பெரும்பாலும் தவறவிடும் படி இது. ஆனால் மற்ற எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. காணியில் என்ன நிற்கிறதென்று தெரியாதவருக்கு வியாபாரி சொல்லும் விலையே விலை, காபன் தரகர் சொல்லும் கணக்கே கணக்கு.

எல்லா மரத்தையும் அளக்கத் தேவையில்லை. ஐந்து ஏக்கர்க் காணியில் ஐந்து வட்டங்கள் போதும். 12.62 மீற்றர் நீளமான, இழுபடாத கயிற்றை நடுக்கல்லில் கட்டிச் சுற்றினால் கிடைக்கும் வட்டத்தின் பரப்பு 500 சதுர மீற்றர். வட்டங்கள் எங்கே விழவேண்டும் என்பதை வீட்டில் இருந்து, காணிப் படத்தின்மேல் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். களத்துக்குப் போன பிறகு தீர்மானித்தால், கால் தானாகவே பெரிய மரம் நிற்கும் பக்கமாகப் போகும், அளவு பொய்யாகிவிடும். நடுக்கல்லை நிரந்தரமாக நட்டு, கைப்பேசியில் அதன் இருப்பிடத்தைப் பதிந்துவையுங்கள்; ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதே வட்டத்தை மீண்டும் அளக்க வேண்டும்.

வட்டத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நெஞ்சு மட்டத்தில், தையற்காரரின் அளவு நாடாவால் எடுங்கள். சுற்றளவை 3.14 ஆற் பிரித்தால் விட்டம். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை இரண்டு மரமாக எழுதுங்கள். சுற்றளவு 31 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, அதாவது 10 சென்ரிமீற்றர் விட்டத்தை எட்டாத கன்றுகளை, உள்ளே 5.64 மீற்றர் கயிற்றில் வரும் சிறு வட்டத்துக்குள் மட்டும் எண்ணினால் போதும். உயரத்துக்கு ஒரு தடி போதும்: கண்ணிலிருந்து நீட்டிய கைப்பிடி வரையான நீளத்துக்குச் சமமான நீளம் பிடிக்கு மேலே நிற்கும்படி தடியை நிமிர்த்திப் பிடித்து, உங்கள் பிடியும் தடியின் நுனியும் மரத்தின் அடியையும் நுனியையும் மறைக்கும்வரை பின்னே நடந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம்.

இனிக் கணக்கு. வெப்பவலயக் காடுகளுக்காக 2014 இல் வெளியாகி இன்று பரவலாகக் கையாளப்படும் சூத்திரப்படி, மரத்தின் அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, வந்ததை 0.976 ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 0.0673 ஆற் பெருக்கினால், தரைக்கு மேலுள்ள உலர் உயிர்த்திணிவு கிலோகிராமில் கிடைக்கும். விட்டம் சென்ரிமீற்றரிலும் உயரம் மீற்றரிலும் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்றும் இருக்க வேண்டும். 94 சென்ரிமீற்றர் சுற்றளவும் 12 மீற்றர் உயரமும் உள்ள ஒரு முதிரையை எடுத்துக்கொள்வோம். விட்டம் 30, அடர்த்தி ஏறத்தாழ 0.8. மேலே ஏறக்குறைய 468 கிலோ வருகிறது. உலர்காட்டு மரங்களுக்கு வேர்ப்பங்கு 28 சதவீதம் என்ற வழமையான விகிதத்தைச் சேர்த்தால் 599 கிலோ. அதில் 47 சதவீதம் காபன்: 281 கிலோ. அதை 3.67 ஆற் பெருக்கினால், காற்றிலிருந்து அந்த மரம் எடுத்து வைத்திருக்கும் காபனீரொட்சைட்டு 1,030 கிலோவுக்குச் சற்று மேல். ஒரு மீற்றருக்கும் குறைந்த சுற்றளவுடைய ஒற்றை முதிரை, ஒரு தொன்.

அதே கணக்கில், அடர்த்தி 0.6 உள்ள, 20 சென்ரிமீற்றர் விட்டமும் 14 மீற்றர் உயரமுமான ஒரு தேக்கு 411 கிலோ காபனீரொட்சைட்டையே காட்டுகிறது. அதாவது நீங்கள் டோசரால் தள்ளும் ஒவ்வொரு நடுத்தர முதிரைக்கும் ஈடாக, அத்தகைய தேக்குகள் இரண்டரை வளர்ந்தாகவேண்டும். அவை வளரும் ஆண்டுகளுக்குள் தள்ளிய முதிரை எரிந்தோ உக்கியோ காற்றில் கலந்துவிடும். இதற்கு மேலும் ஒன்றுண்டு: வெரா போன்ற பன்னாட்டுத் தர நிறுவனத்தின் விதிப்படி, திட்டம் தொடங்குவதற்கு முந்திய 10 ஆண்டுகளுக்குள் இயற்கைத் தாவரத்தை அழித்துப் பெற்ற நிலத்தில் நடும் மரத்துக்குக் காபன் வரவு கிடையாது. இலங்கைச் சட்டத்திலும், 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறை உண்டு. டோசர் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னதன் காரணம் இவையே.

ஐந்து வட்டங்களிலும் வந்த மொத்தங்களின் சராசரியை 8.1 ஆற் பெருக்கினால் ஒரு ஏக்கருக்கான அளவு வரும். கொப்பியில் திகதி, அளந்தவர் பெயர், மரத்தின் ஊர்ப்பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள்.

எதை நிறுத்துவது, எதை எடுப்பது

ஏக்கருக்கு நூறு மரங்களைத் தெரிந்தெடுங்கள். நூறு மரமென்றால் ஒவ்வொன்றுக்கும் 40 சதுர மீற்றர் இடம், ஏறத்தாழ ஆறரை மீற்றர் இடைவெளி. நேரான அடிமரமும், காயமில்லாத பட்டையும், வெயில் படும் முடியும் உள்ளவையாகப் பார்த்து வெள்ளைச் சாயத்தால் அடையாளமிடுங்கள். முதிரை, சமண்டலை, வேம்பு ஆகியவை தச்சருக்கு. பாலை, வீரை, இலுப்பை ஆகியவை பறவைக்கும் தேனீக்கும் பிற்காலத்துக்கும். பாலை மிக மெல்ல வளரும். அதை இந்தத் தலைமுறையின் வருமானக் கணக்கில் எழுதாமல் விடுவது நல்லது. கருங்காலி முளைத்து நின்றால் அதைப் பாதுகாப்பதொன்றே உங்கள் வேலை.

அடையாளமிட்ட மரத்தை இறுக்கும் கொடிகளை முதலில் அறுங்கள். பின்னர் அதன் முடியோடு உரசி நிற்கும் ஒன்றிரண்டு மரங்களை மட்டும் எடுங்கள். எஞ்சியவற்றைத் தொட வேண்டாம். கீழே நிழல் இருக்கும்வரை கினிப்புல்லும் நாயுண்ணியும் அடங்கியிருக்கும், வெளிச்சம் அடித்த அடுத்த மாரியிலேயே ஆளுயரத்துக்கு எழும்பிவிடும். எடுத்த மரங்கள் வேலிக் கப்புக்கும் விறகுக்கும் ஆகும். அடியைக் கணுக்கால் உயரத்தில், தண்ணீர் வடியும்படி சாய்வாக வெட்டினால் துளிர் வரும். துளிர்களில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். குளத்து அலைகரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் கத்தி வைக்க வேண்டாம். ஒதுக்கு நிலம் உங்களுடையதல்ல என்பது ஒரு காரணம், அங்கே நிற்கும் மருது இல்லாவிட்டால் கரை அரிந்துபோகும் என்பது இன்னொன்று.

இடைவெளிகளில் நடுகை

உண்மையில் வெறுமையாக இருக்கும் இடங்களில் மட்டும் நடுங்கள். வேப்பம் விதை சில கிழமைகளுக்கு மேல் முளைதிறனோடு இருக்காது. கொட்டியவுடன் சதையைக் கழுவி நாற்றுப் பையில் இட வேண்டும். முதிரை விதை இறக்கையுள்ளது. காய் வெடித்துக் காற்றில் போவதற்கு முன் கொய்து, நிழலில் உலர்த்த வேண்டும். குழியைப் புரட்டாதியில் வெட்டி, ஐப்பசியில் முதல் இரண்டு நல்ல மழை விழுந்த பின் நட்டால், கன்றுக்கு மாரி முழுவதும் வேரோடக் கிடைக்கும். தைக்குப் பின் நடுவது தண்ணீர் சுமக்க விரும்புபவர்களுக்கானது.

தேக்கு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வெறும் தரையாக இருக்கும், தண்ணீர் தேங்காத செம்மண் மேட்டில் இரண்டரை மீற்றர் இடைவெளியில் நடலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 650 கன்று பிடிக்கும். ஆனால் ஐந்தாறு வயதில் முதல் ஐதாக்கலை (நெருக்கமாக நிற்பவற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதை) செய்ய மனம் வராதவர் தேக்கு நடாமல் இருப்பது நல்லது. ஐதாக்காத தேக்கந் தோட்டத்தில் எல்லா மரமும் கைப்பருமனில் நின்றுவிடும். வயலடிக் காணியில், மாரியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் தேக்கு வைத்து அழிந்ததை நான் என் சொந்தக் காணியிலேயே பார்த்தேன். அந்த இடத்தில் இப்போது மருது நிற்கிறது.

முதல் மூன்று ஆண்டுகளும் மாடும் ஆடுமே எதிரிகள். அலம்பல் வேலி ஒரு கோடைக்குத் தாங்கும். கிளுவைக் கதியால் போட்டால் வேலியும் நிலைக்கும், காபனும் சேரும். யானை வழக்கமாக நடக்கும் தடத்தை மறித்து மட்டும் எந்த வேலியும் போடாதீர்கள்.

தீ

சோளகம் வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில், புதுப்புல் வரட்டும் என்று மேய்ச்சற்காரர் வைக்கும் தீயும், வேட்டைக்காரர் விட்டுப்போகும் தீயும் ஒரே பிற்பகலில் பத்தாண்டு வளர்ச்சியைக் கொண்டுபோகும். வைகாசி முடிவதற்குள் காணியைச் சுற்றி நான்கு மீற்றர் அகலத்துக்குப் புல்லை மண் தெரியச் செதுக்கிவிடுங்கள். காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தில் இன்னும் அகலமாக இருக்கட்டும். மேய்ச்சற்காரரோடு சண்டை பிடிக்காமல், காணிக்குள் புல்லறுத்துக்கொள்ள அவர்களை விடுவது செதுக்குக் கூலியையும் குறைக்கும், தீ வைப்பவரின் எண்ணிக்கையையும் குறைக்கும்.

வெட்டுதலும் விற்றலும்

வளர்ந்ததற்கு மேல் வெட்டக் கூடாது என்பதே இதில் அடிப்படை விதி. எவ்வளவு வளர்ந்தது என்பதை உங்கள் வட்டங்களின் இரண்டாவது அளவு சொல்லும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மெனொமினி பழங்குடியினர் 1854 இல் தமக்கு ஒதுக்கப்பட்ட காட்டில் இவ்வாறே செய்துவருகின்றனர். அங்கிருந்து 200 கோடி போர்ட் அடிக்கு (ஒரு அடி நீளமும் ஒரு அடி அகலமும் ஒரு அங்குலத் தடிப்பும் உள்ள பலகை ஒரு போர்ட் அடி) மேல் மரம் எடுக்கப்பட்ட பின்னரும், இன்று நிற்கும் மரத்தின் கன அளவு தொடங்கிய காலத்தில் இருந்ததைவிட அதிகம். ஆலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து வெட்டாமல், காடு எவ்வளவு தரும் என்று பார்த்து வெட்டியதன் பயன் அது.

வெட்டுவதற்கு முன் விதானையாரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்திலும், மர வகையைப் பொறுத்து வன அலுவலகத்திலும் அனுமதி பெறுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குட்பட்டவை. உங்கள் வளவுக்குள் நின்றாலும் அனுமதி வேண்டும். வெட்ட அனுமதி வேறு, லொறியில் ஏற்றிச்செல்ல அனுமதி வேறு. இரண்டாவது இல்லாமல் வீதிக்கு வந்த மரம் பொலிஸ் நிலைய முற்றத்தில் உக்குவதைக் கண்டிருக்கிறோம்.

வியாபாரி குத்தியின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலில் ஒன்றாக்கி, அதைத் தன்னாற் பெருக்கி, நீள அடியாற் பெருக்கி, 144 ஆற் பிரிப்பார். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள குத்தி அவர் கணக்கில் 10 கன அடி. உண்மையான கன அளவு 12.7. இந்த வழக்கம் அரியும்போது போகும் கழிவுக்காக ஏற்பட்டது. அதனால் அது மோசடியல்ல. ஆனால் அதன்மேல் இன்னுமொரு "கழிவு" கேட்டால் கொடுக்க வேண்டாம். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிறையைப் பற்றி நான் வாதிடவில்லை; கோடையில் வெட்டி, பட்டை உரித்து, நிலத்தில் படாமல் நிழலில் அடுக்கினால் உளுப்பது குறைகிறது என்பதை மட்டும் அனுபவத்திற் சொல்லலாம். நிலைக்கும் கதவுக்கும் தீராந்திக்கும் போன மரத்தில் காபன் இன்னும் பல்லாண்டு தங்கும். விறகாகப் போனதில் தங்காது.

காபன் ஒப்பந்தம் பேச வருபவரிடம்

ஒரு ஏக்கரில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 3 தொன் உலர் உயிர்த்திணிவு தரைக்கு மேல் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன பெருக்கல்களின்படி அது 6.6 தொன் காபனீரொட்சைட்டு, ஏக்கருக்கு 2.7 தொன். இதற்கு மேல் பல மடங்கு சொல்பவரிடம் அவருடைய அளவுக் கொப்பியைக் கேளுங்கள். அதிலும் எல்லாம் விற்கக்கூடியதல்ல. நீங்கள் ஒன்றும் செய்யாமலே நடந்திருக்கக்கூடிய வளர்ச்சி வரவாகாது. உங்கள் பராமரிப்பால் கூடியது மட்டுமே வரும். தீக்கும் புயலுக்குமான காப்பாக அதிலும் ஒரு பங்கு பொதுவைப்பில் பிடித்துக்கொள்ளப்படும். ஆவணம் தயாரிப்பதற்கும் வெளியார் வந்து சரிபார்ப்பதற்கும் ஆகும் செலவு ஐந்து ஏக்கருக்கும் ஐந்நூறு ஏக்கருக்கும் பெரிதாக வேறுபடாது. ஆகவே தனிக் காணிக்காரருக்கு இது கட்டாது. கமக்கார அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ பல காணிகளைச் சேர்த்து, ஒரே முறையில் அளந்து, இலங்கை காலநிலை நிதியம் நடத்தும் காபன் வரவுத் திட்டத்தையோ பன்னாட்டுத் தரத்தையோ நாடுவதே நடைமுறைக்கு உகந்தது.

வாயு வெளியேற்றும் நிறுவனங்களைச் சட்டம் கட்டுப்படுத்தும் கலிபோர்னியாவின் கட்டாயக் காபன் சந்தையில் 2014 இல் யூரொக் பழங்குடியினர் காட்டு வரவுகளைப் பெற்றபோது, கடைசி வரவு வழங்கப்பட்டதிலிருந்து 100 ஆண்டுகளுக்குக் காபனைக் காப்பதாக உறுதியளிக்க வேண்டியிருந்தது. அந்தச் சந்தையில் சேரும் பழங்குடிகள் தமது இறைமை விலக்குரிமையில் (தம்மீது வழக்குத் தொடுக்க முடியாதிருக்கும் உரிமையில்) ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். பேரப்பிள்ளையின் பிள்ளை வரை கட்டும் ஒப்பந்தம் அது. எனவே உங்களிடம் நீட்டப்படும் தாளில் ஐந்தை விரல் வைத்துப் பாருங்கள்: எத்தனை ஆண்டு; மரம் எடுக்கும் உரிமை யாரிடம், எந்த அளவுக்கு; தீப்பட்டால் நட்டம் யார் தலையில்; அளவுச் செலவு யாருடையது; காணியைப் பிள்ளைக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதினால் ஒப்பந்தம் என்னாகும். தமிழில் எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையொப்பம் இட வேண்டாம். எழுதியதையும் உங்கள் நொத்தாரிசிடம் காட்டிய பிறகே இடுங்கள்.

அந்தத் தாளில் கையொப்பம் இடுவதற்கு முந்திய கிழமையில், வட்டங்கள் ஐந்தையும் ஒருமுறை புதிதாக அளந்து, அளவுக் கொப்பியின் பிரதியொன்றை விதானையாரின் ஒப்பத்துடன் ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். பின்னாளில் எழும் எந்தப் பிணக்கிலும் அந்தத் திகதியில் நின்ற மரமே தொடக்கக் கணக்காக இருக்கும். மூலக் கொப்பி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.